வசதி உள்ளவருக்கும் அரசு மருத்துவம் இலவசமா?

பழைய கணக்கர்:
அரசு மருத்துவம் எல்லோருக்கும் இலவசமாக இருக்க வேண்டுமா, இல்லாதவர்களுக்கு மட்டும் போதுமா? நான் இரண்டாவது கட்சி. வசதி படைத்தவர் ஒரு காசும் கொடுக்காமல் கையெலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு போகிறார். அவருக்குப் பின்னால் நிற்கும் கூலித் தொழிலாளியிடம் மருந்து தீர்ந்துவிட்டது என்று கைவிரிக்கிறார்கள். இதற்குச் சமத்துவம் என்று பெயர் சூட்டாதீர்கள். ஒரு வருமான வரம்பு வைத்து, அதற்குக் கீழே முழு இலவசம், மேலே கட்டணம் என்று சொல்வதில் என்ன அநியாயம்?

மாத்திரைப்பெட்டி:
வரம்புக்குச் சற்றே மேலே நிற்பவரிடம் கேளுங்கள் ஐயா, அநியாயம் எங்கே இருக்கிறது என்று சொல்வார். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த வரம்புக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது. இந்தியாவில் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டை 2018இல் தொடங்கினார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். பயனாளிகளை எடுத்ததோ 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து! இடைப்பட்ட காலத்தில் வேலை இழந்தவர், கணவனை இழந்தவர், கடனில் மூழ்கியவர் அந்தக் கணக்கில் எப்படி வருவார்கள்? அதற்குள் நிமிர்ந்துவிட்டவர் மட்டும் அதில் பத்திரமாக இருப்பார். 2024இல் 70 வயதைத் தாண்டிய எல்லோரையும் வருமானம் பார்க்காமல் சேர்த்தார்கள். வயதைச் சரிபார்ப்பது எளிது, ஏழ்மையைச் சரிபார்ப்பது எளிதல்ல.

அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டு இன்னும் தெளிவான பாடம். கொரோனா காலத்தில் அதிலிருந்து யாரையும் நீக்காமல் வைத்திருந்த ஏற்பாடு 2023இல் முடிந்தது. பிறகு நடந்த சரிபார்ப்பில் 2 கோடிக்கும் அதிகமானோர் நீக்கப்பட்டார்கள். வருமானம் கூடிவிட்டது என்று உறுதிசெய்து நீக்கியது சிறு பங்குதான். பெரும்பாலோர் படிவம் திரும்பி வரவில்லை, முகவரி மாறிவிட்டது போன்ற காரணங்களால் போனவர்கள்.

வரிகட்டுபவன்:
படிவம் நிரப்பச் சோம்பல்படுகிறவருக்காக நான் வரி கட்ட வேண்டுமா?

மாத்திரைப்பெட்டி:
படுத்த படுக்கையாக இருப்பவரைச் சோம்பேறி என்கிறீர்கள். நல்லது.

பழைய கணக்கர்:
சண்டை வேண்டாம். பட்டியல் பழையது என்றால் பட்டியலே இல்லாத வழியும் உண்டு. ஜெர்மனியைப் பாருங்கள். மருத்துவமனையில் தங்கினால் நாளொன்றுக்கு 10 யூரோ, அதுவும் ஆண்டுக்கு அதிகபட்சம் 28 நாட்களுக்கு. மருந்துக்கும் சிறு பங்கு உண்டு. எல்லாம் சேர்ந்து குடும்ப வருமானத்தில் 2 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஆண்டுக்கு விலக்கு. நாள்பட்ட நோயாளிக்கு 1 சதவீதம். இங்கே ஏழை, பணக்காரர் என்று யாரையும் முத்திரை குத்தவில்லை, ஆனாலும் சுமை வருமானத்துக்கு ஏற்றபடிதான் விழுகிறது.

கட்டணத்தால் இன்னொரு பயனும் உண்டு. 1970களில் அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் ஒரு பெரிய சோதனை நடத்தியது. சில குடும்பங்களுக்கு எல்லாச் சிகிச்சையும் இலவசம், மற்றவர்கள் செலவில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். பங்கு கொடுத்தவர்கள் மருத்துவரிடம் குறைவாகப் போனார்கள். ஆனால் சராசரியாகப் பார்த்தால் அவர்களுடைய உடல்நலம் கெடவில்லை.

மாத்திரைப்பெட்டி:
‘சராசரியாக’ என்பதோடு நிறுத்திவிட்டீர்களே! அதே சோதனையில், ஏற்கெனவே உடல்நலம் குன்றியிருந்த ஏழைகளில் இலவசச் சிகிச்சை கிடைத்தவர்களுக்கு ரத்த அழுத்தம் மேலும் நன்றாகக் கட்டுப்பட்டது. பங்கு கொடுத்தவர்கள் வீண் சிகிச்சையை மட்டும் குறைத்துக்கொள்ளவில்லை, தேவையானதையும் அதே அளவுக்குக் குறைத்துக்கொண்டார்கள். நெஞ்சுவலி வாயுவாலா மாரடைப்பாலா என்று நோயாளியே தீர்மானித்துவிட்டு வர வேண்டும் என்றால் மருத்துவர் எதற்கு?

ஜெர்மனியைச் சொன்னீர்கள், அங்கேயே கைவிட்ட கட்டணத்தையும் சொல்லியிருக்கலாம். மருத்துவரைப் பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10 யூரோ என்று 2004இல் கொண்டுவந்தார்கள். எதிர்பார்த்தபடி வருகை குறையவில்லை, மருத்துவர்களுக்கு வசூல் வேலைதான் மிஞ்சியது. 2012 முடிவோடு எடுத்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் மருந்துச் சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு என்று 2024இல் நிர்ணயித்தார்கள். சிறுவர், 60 வயதானவர், கர்ப்பிணி, வருமானம் குறைந்தவர், குறிப்பிட்ட சில நோயாளிகள் என்று விலக்குகள் போக, பத்தில் ஒன்பது மருந்துகள் இலவசமாகத்தான் போகின்றன. மிச்சமுள்ள ஒன்றுக்காக இத்தனை விதிகள்! விலக்கு பெற்ற நோய்களின் பட்டியல் 1968இல் எழுதியது. 2009இல் புற்றுநோயைச் சேர்த்தார்கள், வேறு பெரிய மாற்றம் இல்லை. நீரிழிவுக்கு மருந்து சாப்பிடுகிறவர் எந்த மருந்துக்கும் பணம் கொடுக்க வேண்டாம். ஆஸ்துமாக்காரர் மூச்சுவிடுவதற்கு விலை கொடுக்க வேண்டும். ஸ்காட்லாந்தும் வேல்ஸும் வட அயர்லாந்தும் இந்தக் கட்டணத்தையே ஒழித்துவிட்டன.

எல்லைக்கோடு:
எல்லோரும் உள்ளூர்க்காரரைப் பற்றியே பேசுகிறீர்கள். ‘எல்லோருக்கும்’ என்றால் யார் யாருக்கு? சிகிச்சைக்காகவே விமானம் ஏறி வருகிறவருக்குமா? பிரிட்டனில் அங்கேயே முறைப்படி குடியிருப்பவருக்குத்தான் இலவசம். சுற்றுலா வந்தவர் மருத்துவமனையில் சேர்ந்தால் அடக்கச் செலவில் 150 சதவீதம் வரை வாங்குகிறார்கள். இது எனக்குச் சரியாகவே படுகிறது.

நடுவாசல்:
அங்கேயும் அவசரப் பிரிவில் தரும் முதல் சிகிச்சைக்கும் காசநோய் போன்ற தொற்றுகளுக்கும் யாரிடமும் பணம் கேட்பதில்லை. தர்மசிந்தனையால் அல்ல. இருமுகிறவர் பணத்துக்குப் பயந்து ஒளிந்துகொண்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் வரும் என்ற கணக்குதான்.

வரிகட்டுபவன்:
அதே நாட்டில் விசா வாங்கி வேலைக்குப் போகிறவர் ஆண்டுக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டுகிறார். போன பிறகு சம்பளத்தில் வரியும் பிடிக்கிறார்கள். ஒரே படுக்கைக்கு இரண்டு முறை விலை! இதைப் பற்றி மாத்திரைப்பெட்டி அவர்கள் என்ன சொல்கிறார்?

மாத்திரைப்பெட்டி:
உங்களோடுதான் இருக்கிறேன், அதிசயமாக. வரி கட்டுகிறவரிடம் தனிக் கட்டணம் வாங்குவது அடாவடி.

நடுவாசல்:
இலவசக் கட்சிக்கு ஒரு கேள்வி. உகாண்டாவில் 2001இல் அரசு மருத்துவமனைக் கட்டணத்தை ஒழித்தார்கள். ஏழைகள் திரண்டு வந்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அடிக்கடி மருந்து இருப்பில் இல்லாமல் போனது. வெளியே வாங்க வேண்டியிருந்ததால், பரம ஏழைகளில் மருத்துவச் செலவால் நொடிந்துபோகும் குடும்பங்களின் எண்ணிக்கை குறையவே இல்லை. வாசலில் இலவசம், மருந்துக்கடையில் முழு விலை. தகுதி யாருக்கு என்று நாம் அடித்துக்கொள்வதைவிட, தகுதி பெற்றவருக்கு உள்ளே என்ன கிடைக்கிறது என்பது முக்கியமில்லையா?

பழைய கணக்கர்:
அதைத்தானே முதல் பதிவிலிருந்து சொல்கிறேன்! உள்ளே மருந்து இருக்க வேண்டுமானால் பணம் வேண்டும்.

மாத்திரைப்பெட்டி:
பணம் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? அதை நோயாளியாக வந்து நிற்கும் நேரத்தில் வாங்காதீர்கள், நன்றாக இருக்கும்போது வருமானத்துக்கு ஏற்ப வரியாக வாங்குங்கள் என்கிறேன். தாய்லாந்தில் 2002 வாக்கில், வேறு காப்பீடு இல்லாத எல்லோருக்கும் ஒரு திட்டம் வந்தது. ஒரு முறை போனால் 30 பாத், ஏழைக்கு அதுவும் இல்லை. திட்டத்தை நடத்தியது அந்த 30 பாத் அல்ல, பொது வரிப்பணம். அதனால்தான் 2006இல் அந்தக் கட்டணத்தை எடுத்தபோதும் திட்டம் நின்றுவிடவில்லை. நீங்கள் சொல்லும் பணக்காரர் வரி கட்டும்போதே தன் பங்கைக் கொடுத்துவிட்டார். அவரை வெளியே அனுப்பினால், அந்த மருத்துவமனை எப்படிப் போனாலும் அவருக்குக் கவலை இல்லை. குரல் எழுப்பினால் அமைச்சர் காதில் விழும் ஆட்களை நீங்களே துரத்துகிறீர்கள்.

பழைய கணக்கர்:
வரியே ஒழுங்காக வசூலாகாத நாடுகளில் இந்த வாதம் காகிதத்தில்தான் நிற்கும். வருமானத்தை மறைக்கிறவர் வரியிலும் தப்பிக்கிறார், சிகிச்சைக் கட்டணத்திலும் தப்பிக்கிறார். மருத்துவமனையிலாவது ஒரு முறை பிடிக்கலாம்.

எல்லைக்கோடு:
வரி ஏய்ப்பவரைப் பிடிக்கும் வேலையை மருத்துவமனைச் சீட்டு எழுதுகிறவர் தலையில் கட்டுகிறீர்களா?

வரிகட்டுபவன்:
சரி, எல்லோருக்கும் இலவசம் என்றே வைத்துக்கொள்வோம். பல்செட்டும் மூக்குக்கண்ணாடியும் அதில் சேருமா?

நடுவாசல்:
பழைய வழக்கு இது. பிரிட்டனில் 1948இல் இலவச மருத்துவத்தைத் தொடங்கிவைத்த அமைச்சர் அனூரின் பெவன், 1951இல் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் வைத்ததை எதிர்த்துத்தான் பதவி விலகினார்.

பழைய கணக்கர்:
அவர் விலகினார், கட்டணம் விலகவில்லை. கண்ணாடிக்கு நான் பணம் கேட்பேன், இன்சுலினுக்குக் கேட்க மாட்டேன். மாத்திரைப்பெட்டி இரண்டுக்கும் கேட்க மாட்டார். ஆனால் தனி அறை கேட்கிறவரிடம் முழு வாடகை வாங்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மாத்திரைப்பெட்டி:
தனி அறைக்குத் தாராளமாக வாங்குங்கள். மருத்துவர் முதலில் அந்த அறைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.