ஒரே ரிசீவரில் எல்லா அலையும்: முன்பக்கத்தில் பில்டர் (வடிகட்டி) வேண்டுமா, மென்பொருள் போதுமா?

தேயிலைமலை:
எல்லோருக்கும் வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உயர்தர மாணவர்களோடு சேர்ந்து ஒரு ரிசீவர் செய்ய ஆசை. அதற்கு மூன்று வேலை: எப்எம் செய்தி, 137.9 மெகாஹேர்ட்ஸில் வரும் ரஷ்ய மீட்டியோர் வானிலைச் செய்மதியின் படம், அப்புறம் லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) மேலே உள்ள சரிவில் நாங்கள் வைக்கப்போகும் மழைமானி 433 மெகாஹேர்ட்ஸில் அனுப்பும் லோரா சிக்னல் (குறைந்த சக்தியில் தூரத்துக்குச் சின்னத் தகவல்களை அனுப்பும் ரேடியோ முறை). 2014இல் மீரியபெத்தையில் மலை சரிந்ததைப் பார்த்த மலையகம் எங்களுடையது, மழை கனத்தால் இன்றும் யாரும் தூங்குவதில்லை. ஒரு பெட்டி போதுமா, மூன்று வேண்டுமா?

ஐக்யூ_பண்டாரவளை:
ஒரு பெட்டி தாராளமாகப் போதும் சேர். ஆர்டிஎல் டொங்கிள் ஒன்று வாங்குங்கள், கணினியின் யூஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவர் அது. டிவி பார்க்கச் செய்த சிப்தான், ஆனால் 24 மெகாஹேர்ட்ஸிலிருந்து 1.7 கிகாஹேர்ட்ஸ் வரை போகும், ஒரே நேரத்தில் சுமார் 2.4 மெகாஹேர்ட்ஸ் அகலத்தை அள்ளி அப்படியே கணினிக்குக் கொடுத்துவிடும். எப்எம் ஆ, லோரா ஆ என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். பொறியியலாளர் ஜோசப் மிட்டோலா 90களின் தொடக்கத்தில் 'மென்பொருள் ரேடியோ' என்று எழுதியபோது கனவாக இருந்தது, இன்று மாணவர் கையில் இருக்கிறது. இனி ஒவ்வொரு முறைமைக்கும் தனிச் சுற்று போடுவது வீண் செலவு.

பழையகொயில்:
தம்பி, நுவரெலியாவில், ஒளிபரப்புக் கோபுரம் உள்ள பிதுருதலாகல மலை அடிவாரத்தில் 30 வருடமாக ரேடியோ, டிவி திருத்துகிறேன். நீங்கள் சொல்லும் அதே டொங்கிளைப் போன வருடம் வாங்கிக் கூரையில் அன்டெனா வைத்தேன். 137இல் செய்மதியைத் தேடினால் பாட்டுக் கேட்கிறது! அங்கே எந்த நிலையமும் இல்லை. பக்கத்து எப்எம் சிக்னல்கள் முதல் பெருக்கியையே திக்குமுக்காட வைத்து, ஒன்றோடொன்று கலந்து, இல்லாத இடத்தில் பேய்ச் சிக்னலாக முளைக்கின்றன. 88 முதல் 108 வரை தடுக்கும் ஒரு சின்ன பில்டரை அன்டெனாவுக்கும் டொங்கிளுக்கும் இடையில் போட்டேன், அத்தனையும் போய்விட்டது. பெருக்கியில் கலந்து கெட்டுப்போன சிக்னலை மென்பொருளால் பிரிக்க முடியாது. பாலில் உப்பு விழுந்த பிறகு வடிகட்டி என்ன பயன்?

ஐக்யூ_பண்டாரவளை:
அண்ணே, அது கெயினை (பெருக்கும் அளவை) முழுக்க ஏற்றி வைத்ததால் வந்தது. கெயினைக் குறையுங்கள். டொங்கிள் சிக்னலை 8 பிட் எண்களாக மாற்றுகிறது, அதனால் அது பிடிக்கும் மிகப் பெரிய சிக்னலுக்கும் மிகச் சிறியதற்கும் ஏறக்குறைய 50 டெசிபல் (மடங்கு வித்தியாசத்தை அளக்கும் அலகு) இடைவெளிதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் 2.4 மெகாஹேர்ட்ஸை 125 கிலோஹேர்ட்ஸ் லோரா அகலத்துக்கு மென்பொருளில் சுருக்கும்போது வெளியே உள்ள இரைச்சல் கழிந்து இன்னும் 13 டெசிபல் இலவசமாகக் கிடைக்கிறது, அது இரண்டு பிட் கூடுதலாக இருப்பதற்குச் சமம்.

பழையகொயில்:
அந்த 13 டெசிபல், சிக்னல் வெட்டுப்படாமல் உள்ளே வந்தால் மட்டும்தான். கெயினைக் குறைத்தால் செய்மதியின் மெல்லிய சிக்னல் இரைச்சலுக்குள் மூழ்கும், ஏற்றினால் எப்எம் முட்டும்.

கைபேசியையே எடுங்கள். ஜிஎஸ்எம் (2ஜி கைபேசி) விதிப்படி, வேண்டிய சிக்னல் −99 டிபிஎம் (சிக்னல் சக்தியின் அலகு) என்ற மெல்லிய அளவில் வரும்போதே பட்டைக்கு வெளியே 0 டிபிஎம் என்ற பலத்த அளவில் வேறொரு சிக்னல் இடித்தாலும் ரிசீவர் தாங்க வேண்டும். வித்தியாசம் 99 டெசிபல், அதாவது எண்ணூறு கோடி மடங்கு. பில்டர் இல்லாமல் நேரே எண்ணாக்கினால், பிட்டுக்கு 6 டெசிபல் கணக்கில் 17, 18 பிட் வேண்டும், அதையும் கிகாஹேர்ட்ஸ் வேகத்தில்! எந்தப் பட்டரி தாங்கும்? அதனால்தான் ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனி சோ (SAW) பில்டரை, அதாவது அந்தப் பட்டையை மட்டும் விடும் நிலையான வடிகட்டியை, போட்டு சுவிட்சால் மாற்றுகிறார்கள்.

ஐக்யூ_பண்டாரவளை:
சரி, அன்டெனாவிலிருந்து நேரே எண்ணாக்குவது கைபேசிக்கு ஆகாது, அதில் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் அதற்கும் நிரந்தர பில்டர்களுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, பல்கலைக்கழகத்தில் இறுதி வருடச் செயற்றிட்டமாக நான் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான். சிக்னலை நேரே பூச்சிய மீடிறனுக்கு (அதிர்வெண்ணுக்கு) இறக்கிவிட்டால், அப்புறம் வேண்டியது குறைந்த மீடிறன்களை மட்டும் விடும் ஒரு தாழ்பட்டை வடிகட்டி மட்டுமே. கொள்ளளவிகளை (கப்பாசிட்டர்களை) சுவிட்சால் கூட்டிக் குறைத்து ஜிஎஸ்எம்மின் 200 கிலோஹேர்ட்ஸுக்கும், 3ஜியின் 5 மெகாஹேர்ட்ஸுக்கும், எல்டிஇயின் (4ஜி) 20 மெகாஹேர்ட்ஸுக்கும் அதே வடிகட்டியை மாற்றலாம். ஏடி9361 என்ற சிப் இப்படித்தான் 70 மெகாஹேர்ட்ஸிலிருந்து 6 கிகாஹேர்ட்ஸ் வரை, 200 கிலோஹேர்ட்ஸிலிருந்து 56 மெகாஹேர்ட்ஸ் அகலம் வரை மாறுகிறது. முன்பக்கத்துக்கும் என்-பாத் பில்டர் இருக்கிறது: சுவிட்சும் கொள்ளளவியும்தான், கடிகார மீடிறனை மாற்றினால் வடிகட்டியின் மையமும் கூடவே நகரும். 1960இல் வந்த யோசனை, இன்றைய சிப்களில்தான் அதற்கு வேகம் கிடைத்தது.

பழையகொயில்:
படிக்கிற பிள்ளை, நன்றாகச் சொல்கிறீர்கள். ஆனால் சுவிட்சு மூன்றாவது, ஐந்தாவது மடங்கு மீடிறன்களையும் சேர்த்து இழுக்குமே. 137.9க்கு வைத்தால் 413.7, 689.5 இரண்டும் உள்ளே வரும், 689 என்பது டிவி பட்டை. எங்கள் தலைக்கு மேலேயே கோபுரம்.

ஐக்யூ_பண்டாரவளை:
கடிகாரத்தின் ஒரு சுற்றை எட்டுக் கட்டமாகப் பிரித்து 1 : √2 : 1 என்று எடை போட்டுக் கூட்டினால் மூன்றாவது மடங்கும் ஐந்தாவது மடங்கும் தங்களுக்குள்ளேயே அழிந்துபோகும். பாகங்கள் துல்லியமாகப் பொருந்தாததால் நடைமுறையில் 30, 40 டெசிபலோடு நின்றுவிடும் என்பது உண்மை. பூச்சிய மீடிறனில், சுற்றே உண்டாக்கிச் சிக்னலின் நடுவில் விழும் டிசி கசிவும் தொல்லைதான். எல்டிஇ கீழிறங்கு சிக்னலில் நடு அலையையே காலியாக விட்டிருப்பதால் அங்கே தப்பிக்கலாம், ஜிஎஸ்எம்முக்கு அந்த வசதி இல்லை. அதே சுற்றை 100 கிலோஹேர்ட்ஸ் தள்ளி இயக்கினால் அதுவும் சரியாகும். முறைமைக்கு ஏற்றபடி நடத்தையை மாற்றுவதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

தேயிலைமலை:
இருவருக்கும் நன்றி. ஒரு மாணவி கேட்ட கேள்வியை இங்கே போடுகிறேன்: "செய்மதி பத்துப் பதினைந்து நிமிடம் மேலே போகும்போது ரிசீவர் 137இல் இருந்தால், அப்போது மழைமானி பேசுவதை யார் கேட்பது?" எனக்குப் பதில் தெரியவில்லை.

ஐக்யூ_பண்டாரவளை:
2.4 மெகாஹேர்ட்ஸ் அகலத்துக்குள் 137ஐயும் 433ஐயும் சேர்த்துப் பிடிக்க முடியாது. மழைமானியை ஒவ்வொரு அளவையும் இருபது நிமிடத்துக்குள் மூன்று தடவை திருப்பி அனுப்பச் செய்யலாம், செய்மதி எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரியும் என்பதால் அட்டவணை போடலாம்.

பழையகொயில்:
தம்பி, சரிவு அட்டவணை பார்க்காது. சேர், மழைமானிக்குத் தனி லோரா தகடு ஒன்றை நிரந்தரமாக 433இல் வையுங்கள், விலையும் குறைவு, பட்டரியில் நாள்கணக்கில் ஓடும். எப்எம், செய்மதி இரண்டையும் டொங்கிளில் மாற்றி மாற்றிப் பிள்ளைகள் பழகட்டும், செய்மதி பிடிக்கும்போது மட்டும் எப்எம் தடுப்பு பில்டரைச் சுவிட்சால் உள்ளே கொண்டுவாருங்கள்.

ஐக்யூ_பண்டாரவளை:
மழைமானி விடயத்தில் மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சுவிட்சை டொங்கிளோடு சேர்த்து மென்பொருளே தட்டும்படி நான் எழுதித் தருகிறேன் சேர், 137க்குப் போனால் பில்டர் தானாக உள்ளே வரும்.

பழையகொயில்:
பில்டருக்குக் கொயிலை நான் சுற்றித் தருகிறேன். ஞாயிறு கடை பூட்டு, அன்றைக்கு வாருங்கள்.

தேயிலைமலை:
ஞாயிறு காலை பஸ்ஸில் மூன்று பிள்ளைகளோடு வருகிறேன் ஐயா. அந்தக் கேள்வி கேட்ட மாணவியும் வருவாள்.