ஸ்டேஷன் வாசலில் நெரிசல்: இன்னும் மறக்காத கியூ எது?

மூட்டை_தூக்கி:

எலைட் டேஞ்சரஸ், விண்வெளிக் கப்பல் ஓட்டுகிற விளையாட்டு. டைப்-9 என்ற பெரிய சரக்குக் கப்பல், ஷீல்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலும் சரக்கு ரேக், 700 டன்னுக்கு மேல் ஏற்றியிருந்தேன், மற்ற ஆட்டக்காரர்களும் வந்துபோகிற ஓபன் மோடு. ஏன் ஓபன் என்று கேட்க வேண்டாம், அன்றைக்கு அப்படி ஒரு வீம்பு. கம்யூனிட்டி கோல், அதாவது எல்லோரும் சேர்ந்து எட்டுகிற இலக்கு, ஓடிக்கொண்டிருந்த ஸ்டேஷன், வாசலில் கப்பல்கள் ஈ மொய்த்த மாதிரி. இரண்டு தடவை அனுமதி மறுத்து மூன்றாவது தடவைதான் இறங்கும் மேடையின், அதாவது பேடின் நம்பர் தந்தார்கள், அதற்குள் இறங்க வேண்டிய 10 நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்கியது. அதிலேயே ஐந்தாறு நிமிடம் முன்னால் நின்றவர்கள் உள்ளே போகக் காத்திருந்ததில் போய்விட்டது.

என் முறை வந்து மூக்கை வாசலான ஸ்லாட்டுக்குள் நுழைத்துவிட்டேன், எதிரே உள்ளிருந்து ஒரு பைத்தான் கப்பல் வருகிறது. அவனும் நிற்கவில்லை, நானும் நிற்கவில்லை, மூக்கோடு மூக்கு. நான்தான் பெரியவன், நாமே பின்வாங்குவோம் என்று ரிவர்ஸ் போட்டேன். விநாடிக்கு 20, 25 மீட்டர் வேகம் இருக்கும். ஒரு சத்தம், கப்பல் லேசாக ஆடியது, ஹல், அதாவது கப்பலின் உடல், 93 சதவீதம். ரேடாரைப் பார்த்தால் எனக்குப் பின்னால் ஒட்டி நின்றிருந்த குட்டிப் புள்ளி இல்லை. உள்ளே நிரம்பாத, வெற்றுக் கட்டமாகத் தெரிந்த புள்ளி அது. அதாவது கம்ப்யூட்டர் ஓட்டுகிற கப்பல் இல்லை, ஆள். சைடுவிண்டர், புதியவர்களுக்கு முதலில் கிடைக்கிற குட்டிக் கப்பல். அன்றைக்குத்தான் விளையாட்டையே தொடங்கியவராகக்கூட இருந்திருக்கலாம்.

எனக்கு அபராதம் வரவில்லை. நான் விநாடிக்கு 100 மீட்டரைத் தாண்டவில்லை அல்லவா, சட்டப்படி குற்றம் என்னுடையது இல்லை. சாட்டில் ஒரு வார்த்தை வரவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன். உங்களுக்கு இப்படி ஏதாவது உண்டா?

பச்சைவிளக்கு:

எந்தப் பக்கமாக நுழைந்தீர்கள் என்று சொல்லவே இல்லையே நண்பரே. பச்சை வலப்பக்கம் இருக்க வேண்டும், வருகிறவருக்கும் அப்படித்தான், போகிறவருக்கும் அப்படித்தான், அதற்காகத்தான் ஸ்லாட்டின் இரண்டு ஓரத்திலும் அந்த விளக்குகள். பைத்தான் அளவுக் கப்பல் ஒதுங்கிப் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன், இருவரும் அவரவர் பச்சையைப் பிடித்திருந்தால்.

என் கதை சின்னது. அனுமதி வாங்காமல் உள்ளே போய்விட்டேன். வாங்கியதாக நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அனுமதி கேட்டபோது தொலைவு 7.5 கிலோமீட்டருக்கு மேல் இருந்திருக்கிறது, மறுத்ததை நான் கவனிக்கவில்லை. சுழலும் அந்தக் கூண்டுக்குள் நடு வானத்தில் நின்று என் பேட் நம்பரைத் தேடுகிறேன், நம்பர் இல்லை. அப்புறம்தான் சுற்றிலும் இருந்த பீரங்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. அந்தத் திரும்பல் மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மூட்டை_தூக்கி:

வலப்பக்கமாகத்தான் வந்தேன். அதுவா இப்போது பேச்சு?

நடுத்தர_பேட்:

பெரிய ஸ்டேஷனில் 40-க்கு மேல் பேட் வைத்துக்கொண்டு கியூ என்கிறீர்கள். அவுட்போஸ்ட் என்கிற சின்ன ஸ்டேஷனுக்கு வாருங்கள். நாலு பேட்டுக்கு மேல் பார்ப்பதே அபூர்வம், பெரிய பேட் ஒன்றுகூடக் கிடையாது. நடுத்தர பேட் ஒன்றே ஒன்று, அதில் கம்ப்யூட்டர் கப்பல் ஒன்று உட்கார்ந்திருக்கும், எப்போது எழுந்திருக்கும் என்று அதற்கே தெரியாது.

ஹட்டன் ஆர்பிட்டல் என்ற தொலைதூர அவுட்போஸ்ட் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். ஆல்பா சென்டாரியில் இறங்கும் இடத்திலிருந்து 0.22 ஒளியாண்டு, சுமார் 68 லட்சம் ஒளிவிநாடி. சாதாரண சூப்பர்குரூஸில், அதாவது சிஸ்டத்துக்குள் போகிற அதிவேகப் பயணத்தில், நேர்க்கோட்டில் ஒன்றரை மணி நேரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அங்கே அனகோண்டா என்ற பெரிய கப்பலை இலவசமாகத் தருகிறார்கள் என்று புதியவர்களிடம் அளந்துவிடுவது வழக்கம், நான் அதில் ஏமாறவில்லை. நான் ஏற்கெனவே வைத்திருந்த அனகோண்டாவில் போனேன். ஒன்றரை மணி நேரம். போய் அனுமதி கேட்டபிறகுதான் இது பெரிய கப்பல், அது அவுட்போஸ்ட் என்பது உறைத்தது. எனக்குப் பக்கத்தில் இன்னொரு அனகோண்டா அசையாமல் நின்றிருந்தது, வெற்றுக் கட்டம். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றோம். அவர் விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டார். நானும் போட்டேன்.

அவுட்போஸ்ட்டில் கியூ என்றால் மெனுவுக்குப் போய்விட்டு மறுபடி உள்ளே வாருங்கள், பேட் காலியாகிவிடும். சோலோவில், அதாவது வேறு ஆட்டக்காரர் இல்லாமல் தனியாக, வந்தால் இன்னும் நல்லது.

பச்சைவிளக்கு:

அது கியூவில் நிற்பது இல்லை, கியூவைக் கலைத்துவிட்டு முதல் ஆளாக நிற்பது. அப்படி ஆடுவதற்கு எதற்கு ஒரு விண்வெளி விளையாட்டு?

நடுத்தர_பேட்:

ஒரு கம்ப்யூட்டர் கப்பல் எழுந்திருக்கும்வரை அரை மணி நேரம் ஒரு கதவைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பெயர் விளையாட்டா? விளக்கு பார்த்து வாழ்பவரிடம் இதைக் கேட்டது என் தப்பு.

கிடங்குக்காரர்:

நீங்கள் எல்லோரும் கியூவில் நின்றவர்கள். நான் கியூவை உண்டாக்கியவன். எக்ஸ்4: ஃபவுண்டேஷன்ஸ், ஸ்டேஷனை நாமே கட்டுகிற விளையாட்டு. முதல் ஸ்டேஷன், ஹல் பார்ட்ஸ் செய்கிற ஆலை. ஆசை ஆசையாக மாட்யூல் மாட்யூலாக அடுக்கி, கடைசியில் கப்பல்கள் இறங்க ஒரு டாக் வைத்தேன், பெயரிலேயே எழுதியிருக்கிறது 1எம்6எஸ் என்று. அதாவது நடுத்தரக் கப்பலுக்கு 1 இடம், சின்னதற்கு 6. ஏழு இடம், போதாதா என்று விட்டுவிட்டேன். அப்புறம் தாது கொண்டுவர நடுத்தர மைனர்களாக, அதாவது சுரங்கக் கப்பல்களாக, வாங்கி வாங்கி மேனேஜருக்குக் கீழே போட்டேன். இருபதைத் தாண்டியது.

உற்பத்தி நின்றுவிட்டது என்று வரைபடத்தில் பார்த்தால் எல்லா மைனரும் என் ஸ்டேஷன் பக்கத்திலேயே. தாது நிறைய இருக்கிறது, எல்லாம் கப்பல்களுக்குள். நேரில் பறந்து போனேன். தேன்கூட்டைச் சுற்றித் தேனீ நிற்கிற மாதிரி, எல்லாம் மூக்கை ஒரே டாக் பக்கம் திருப்பிக்கொண்டு. டாக்கில் இருந்த ஒரே நடுத்தர இடத்தில் என் சொந்தக் கப்பல்தான் நின்றிருந்தது. முந்தைய நாள் நானே நிறுத்தி, இறங்கி, வேறொரு கப்பலில் ஏறிப் போயிருக்கிறேன்.

நான் என்னையே பூட்டிவைத்த கதை இது. வேறு என்ன சொல்ல.

வரைபடவாசி:

கிடங்குக்காரர் அண்ணே, டாக் ஒன்று போதாது என்பது பாதிக் காரணம்தான். நேரில் பறந்து போனேன் என்றீர்களே, அதுதான் மீதி. நீங்கள் அந்த செக்டரில், அதாவது அந்த விண்வெளிப் பகுதியில், இருந்தால் ஒவ்வொரு கப்பலும் நிஜமாகப் பறந்து, திரும்பி, இன்னொன்றில் இடித்து, ஒதுங்கி, மறுபடி வரிசைக்கு வந்து இறங்க வேண்டும். நீங்கள் இல்லாதபோது விளையாட்டு அந்தக் கணக்கைச் சுருக்கிப் போட்டுவிடும், இடிப்பது, ஒதுங்குவது எல்லாம் இல்லை. எனக்கு இப்படித்தான் நடந்தது: நெரிசல் தீர்ந்ததா என்று பார்க்கப் போவேன், தீர்ந்திருக்காது. சலித்துப்போய்ப் பக்கத்து செக்டருக்குக் கிளம்புவேன், போய்ச் சேர்ந்து வரைபடத்தைத் திறந்தால் வரிசை கரைந்திருக்கும். மறுபடி வந்து பார்த்தால் மறுபடி நெரிசல். நான் பார்ப்பதால்தான் நெரிசல் என்று புரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது. கட்டின ஸ்டேஷனைக் கட்டினவனே பார்க்கக் கூடாது, என்ன விளையாட்டு இது.

இதைச் சொன்னதோடு நிறுத்தலாம், ஆனால் புதிதாகக் கட்டுகிறவர்கள் படிப்பார்கள் என்பதால் இன்னும் கொஞ்சம். டாக் வைக்கும்போது அதன் வாய்க்கு எதிரே எதுவும் வைக்காதீர்கள். அழகுக்காக நடுவில் டாக்கை வைத்து, சுற்றிலும் கிடங்கையும் சூரியத் தகடுகளையும் கோட்டைச்சுவர் மாதிரி எழுப்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கப்பல் உள்ளே நுழைய வழி தேடிச் சுவரைச் சுவராக முட்டிக்கொண்டிருக்கும். திறந்த வெளியைப் பார்த்தபடி வையுங்கள், 3எம்6எஸ் வையுங்கள், முடிந்தால் இரண்டு மூன்றாக எதிரெதிர்த் திசையில். பெரிய கப்பல்களுக்கு டாக் உதவாது, அவற்றுக்கு நீளமான துறைமேடை மாதிரியான பியர் வேண்டும், ஒரே கப்பல் நிற்கிற பியரை வைத்துவிட்டு ஃப்ரெய்ட்டர் தாமதம் என்று புலம்பக் கூடாது, 3 நிற்கிற பியர் இருக்கிறது.

இதெல்லாம் சரியாக இருந்தும் கியூ வந்தால் டாக்கைப் பார்க்காதீர்கள், கிடங்கைப் பாருங்கள். தாதுக் கிடங்கு நிரம்பிவிட்டால் கப்பல் இறக்க இடமில்லாமல் அப்படியே காத்திருக்கும், பின்னால் வருகிறவன் அதற்குப் பின்னால். அதில் பாதியை சிலிக்கான் அடைத்திருக்கும், உங்கள் ஆலைக்கு சிலிக்கானே தேவைப்படாது, எங்கிருந்தோ ஒரு பொருளைச் சேர்த்துவிட்டு மறந்திருப்பீர்கள். எந்தப் பொருளுக்கு எவ்வளவு இடம் என்பதைக் கையால் குறைத்து வையுங்கள். எல்லாவற்றையும் தானாகவே விட்டால் மேனேஜர் நல்லவர்தான், ஆனால் யாருக்கு எது அவசரம் என்று அவருக்குத் தெரியாது.

கிடங்குக்காரர்:

தம்பி, என் கப்பலை எடுத்துவிட்டேன், அன்றே சரியாகிவிட்டது. நான் ஆலோசனை கேட்கவில்லை. ஆனால் சிலிக்கான் விஷயம் எப்படித் தெரிந்தது?

பத்து_சதவீதம்:

உங்களுடையதெல்லாம் கியூவா? ஈவ் ஆன்லைன் விளையாட்டில், எல்லோரும் வியாபாரத்துக்குக் கூடுகிற ஜிட்டா சிஸ்டத்தின் வாசலில் நின்று பாருங்கள். சிஸ்டம் நிரம்பிவிட்டது என்று டிராஃபிக் கன்ட்ரோல் கேட்டிலேயே நிறுத்திவிடும், அதுவும் விளையாட்டுக்காக வைத்த கியூ இல்லை, சர்வர் தாங்காததால் நிற்கிற கியூ. பெரிய சண்டை என்றால் நேரத்தையே மெதுவாக்கிவிடுவார்கள், 10 சதவீதம் வரைக்கும். ஒரு நிமிடத்தில் முடிகிற வேலைக்குப் பத்து நிமிடம். ஒருமுறை அப்படி ஒரு சண்டைக்கு நடுவில் வார்ப் பட்டனை அழுத்திவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தேன். என் கப்பல் இன்னும் திரும்பிக்கொண்டிருந்தது.

பச்சைவிளக்கு:

ஈவில் பேடே கிடையாதே, டாக் என்று அழுத்தினால் உள்ளே. எத்தனை பேர் வேண்டுமானாலும். அதை இங்கே கொண்டுவந்து ஒப்பிடுவது நியாயமில்லை.

பத்து_சதவீதம்:

டாக் ஆவதில் கியூ இல்லை, சரி. வெளியே வரும்போது வாசலில் யார் காத்திருக்கிறார்கள் என்பதுதான் அங்கே பிரச்சினை. அதை நீங்கள் அனுபவித்ததில்லை என்று எழுத்திலேயே தெரிகிறது.

தானியங்கி:

முதல் பதிவுக்கு வருகிறேன். கப்பலைத் தானே இறக்குகிற டாக்கிங் கம்ப்யூட்டர் போட்டிருந்தால் இது நடந்திருக்காது ப்ரோ. கப்பலில் ஒரே ஒரு உபகரண இடம், அதனால் குறையும் சரக்கு சில டன். அது வால்ட்ஸ் இசை போட்டுக்கொண்டு தானே இறக்கிவிடும், நான் கையை எடுத்துவிட்டு வேறு வேலை பார்ப்பேன். ஒரே ஒரு தடவை என்னைக் கைவிட்டது. எனக்கு முன்னால் கம்ப்யூட்டர் ஓட்டுகிற டைப்-9 ஒன்று ஸ்லாட்டில் கோணலாகச் செருகி நின்றுவிட்டது. என் கம்ப்யூட்டர் நாகரிகமாக வெளியே நின்று காத்திருந்தது. காத்திருந்தது. இசை முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. கடிகாரத்தில் 40 விநாடி இருக்கும்போது நான் ஸ்டிக்கைப் பிடித்து அனுமதியை ரத்து செய்து மறுபடி கேட்டேன், மறுத்துவிட்டார்கள். அப்போதும் அந்த டைப்-9 அப்படியே, பின்பக்க எஞ்சின் மட்டும் எரிந்துகொண்டு.

ஆனாலும் சொல்கிறேன், பெரிய கப்பலுக்குக் கம்ப்யூட்டர் கட்டாயம். கையால் ஓட்டத்தான் வேண்டும் என்றால் ஸ்லாட்டுக்கு நேர் எதிரே, கொஞ்சம் தள்ளி, முழுசாக நின்றுவிடுங்கள். ஸ்டேஷனின் சுழற்சியோடு கப்பலைத் தானே திருப்புகிற சுழற்சித் திருத்தம் உள்ளே போனபிறகுதான் உதவும், வெளியே நீங்கள்தான் கப்பலை உருட்டி ஸ்லாட்டோடு ஒத்துப்போக வேண்டும். வேகம் 100-க்குக் கீழே, இது அபராதத்துக்காக மட்டும் இல்லை. வேகமாக வருகிறவர்கள் மீது வேண்டுமென்றே குட்டிக் கப்பலைக் கொண்டுவந்து மோதுகிற ஆட்கள் உண்டு, அவன் வெடிப்பான், குற்றம் உங்கள் தலையில், மீதியை ஸ்டேஷன் பார்த்துக்கொள்ளும். உள்ளே யாராவது வருகிறார்களா என்று ரேடாரில் பார்த்துவிட்டு நுழையுங்கள். நுழைந்தபிறகு எதிரே யார் வந்தாலும் ரிவர்ஸ் மட்டும் போடாதீர்கள், மேலேயோ கீழேயோ ஒட்டி நில்லுங்கள், சிறியவன் ஏதாவது சந்தில் போய்விடுவான். டைப்-9 ஓட்டுகிறவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் தெரியப்போவதில்லை.

மூட்டை_தூக்கி:

தெரியும். ரேடாரில் அந்தப் புள்ளியை ரிவர்ஸ் போடுவதற்கு முன்பே பார்த்தேன். நகர்ந்துகொள்வான் என்று நினைத்தேன்.

நடுத்தர_பேட்:

அவன் புதியவன் என்றால் நகரத் தெரிந்திருக்காது. நீங்கள் பெரியவர், நீங்கள் போகும்வரை நிற்போம் என்று நின்றிருப்பான். சைடுவிண்டர் என்றால் திரும்ப வாங்கக் காசு போகாது, விடுங்கள்.

மூட்டை_தூக்கி:

கப்பலுக்குக் காசு இல்லை. உள்ளே என்ன ஏற்றியிருந்தானோ. நாலு டன் இருந்திருக்கும், அதற்குத்தான் அவ்வளவு நேரம் என் பின்னால் நின்றிருக்கிறான்.

பச்சைவிளக்கு:

நான் இன்னும் அதே கேள்வியில்தான் இருக்கிறேன். வலப்பக்கம் என்றீர்கள். வலப்பக்கம் பச்சையா?

மூட்டை_தூக்கி:

சிவப்பு. கப்பலைத் தலைகீழாக உருட்டி நுழைந்திருக்கிறேன்.