பக்கத்து ரூம் ஒடிசாப் பொண்ணு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. வீட்டுக்காரர் தவறிய பிறகு கம்பெனி, வீடு, தூக்கம் என்றுதான் நாள் ஓடியது. எங்கள் லைன் வீட்டில் கடைசி ரூமுக்கு ஒடிசாவிலிருந்து புருஷன் பெண்டாட்டி குடிவந்தார்கள், இரண்டு பேரும் டைலர்கள். தண்ணீர் வரும் அன்றைக்குக் குடத்தோடு நிற்கும்போது ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் பழக்கம்.

ஒரு நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. கதவு பாதி திறந்திருந்தது, எட்டிப் பார்த்தால் தரையில் சுருண்டு கிடக்கிறாள், நெற்றியில் கை வைத்தால் அனலாகக் கொதிக்கிறது, ஷிப்மெண்ட் அவசரம் என்று புருஷனுக்குக் கம்பெனியில் லீவு தரவில்லை. ஆட்டோ பிடித்து கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சீட்டு போடும் இடத்தில் "யாரும்மா இது?" என்று கேட்டார்கள். "எம் பொண்ணுங்க" என்று வாயில் வந்துவிட்டது.

ராத்திரி நொய்க் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். மனசு லேசாகத்தான் இருந்தது. ஆனால் நிஜமான சந்தோஷம் அன்றைக்கு வரவில்லைங்க. காய்ச்சல் விட்ட பிறகு ஒரு சாயங்காலம் அவளாகவே வந்து உட்கார்ந்து, என் கையில் இருந்த முறத்தை வாங்கி, சின்ன வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், அப்போதுதான் வந்தது. அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு அவள் பாஷை தெரியாது, கண்ணில் தண்ணீர் வடிய இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே உரித்தோம். கொடுத்ததோடு நின்றிருந்தால் அவளும் நானும் யாரோதான்.

வெளியூரில் படிக்கும் மகனிடம் போனில் சொன்னபோது அவன் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னான். கனடாவில் செய்து 2008இல் வெளியானதாம். காலையில் ஆளுக்கு 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து, சாயங்காலத்துக்குள் சிலரைத் தனக்கும் சிலரை அடுத்தவருக்கும் செலவு செய்யச் சொன்னார்கள். அடுத்தவருக்குச் செலவழித்தவர்கள்தான் அதிக சந்தோஷமாக இருந்தார்களாம், தொகை பெரிதா சிறிதா என்பதில் வித்தியாசமே இல்லையாம். நான் நம்புகிறேன், அந்தக் கஞ்சிக்கு எனக்கு என்ன பெரிதாகச் செலவாகியிருக்கும்?

கோயமுத்தூர் வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி போட்டுப் பேர் வாங்கிய கமலாத்தாள் பாட்டியை நம் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. 2020 ஊரடங்கிலும் அவர் விலையை ஏற்றவில்லை. விலை ஒரு பக்கம் இருக்கட்டும், விறகடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து தன் கையாலேயே இட்லி எடுத்து வைப்பாரே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. உண்டியலில் போடும் காசுக்கு முகம் கிடையாது.

இப்போது அவள் என்னை அம்மா என்கிறாள், நான் கண்ணு என்கிறேன். எதிர் வீட்டு ஆத்தா முன்பெல்லாம் "வடக்கத்தி ஆளுங்க, நமக்கெதுக்கு" என்று ஒதுங்கியே போவார். போன மாரியம்மன் நோம்பிக்கு அவரே பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்தார். அப்புறம் ரேஷன் கடைக்குப் போகும்போது பேரப்பிள்ளையையும் அவளிடம்தான் விட்டுவிட்டுப் போகிறார்.