மறு: 'இன்சைட்' திறனுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற, பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் கதையாட்டங்களில், எதிரில் இருப்பவரின் உண்மையான எண்ணத்தைப் பிடிக்கும் திறன் 'இன்சைட்'. அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையை முழுக்கப் படித்தேன். உள்ளுணர்வு, நுண்ணறிவு, நோக்கமறிதல், பொய்யறிதல், மனம் படித்தல் ஆகியவை இதுவரை வந்திருக்கின்றன. நான் 'குறிப்பறிதல்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஏன் என்று சொல்வதற்கு முன், ஆட்ட மேசையில் அந்தத் திறன் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க வேண்டும்.

> பொய்யறிதல் என்றால் புதியவருக்கும் உடனே புரியும். அதுதானே வேண்டும்?

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். வணிகன் ஒருவன் "வண்டிகள் நேற்றே புறப்பட்டுவிட்டன" என்கிறான். ஆட்டக்காரர் நம்பவில்லை. இருபது முகப் பகடையை உருட்டுகிறார், 17 விழுகிறது, வெற்றிதான். கதையை நடத்திச் செல்லும் நடத்துநர் "அவன் பொய் சொல்கிறான்" என்று சொல்லிவிட்டால் அந்தக் காட்சி அங்கேயே முடிந்தது. விசாரிக்கவும் ஒன்றுமில்லை, சந்தேகப்படவும் ஒன்றுமில்லை. மாறாக, "மற்ற கேள்விகளுக்கு மளமளவென்று பதில் சொன்னவன் இதற்கு மட்டும் தயங்கினான், பேசும்போது பார்வை இரண்டு முறை லாயத்தின் பக்கம் போய் வந்தது" என்று சொன்னால்? வண்டிகள் உள்ளேயே இருக்கின்றனவா, வேறு யாரையாவது ஒளித்து வைத்திருக்கிறானா, யாருக்கோ பயப்படுகிறானா என்று ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் வாதாடத் தொடங்குவார்கள். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த நேரம் அதுதான். 'பொய்யறிதல்' என்று, பாத்திரத்தின் திறன்களைக் குறித்துவைக்கும் பாத்திரத் தாளில் எழுதி வைத்தால் ஆட்டக்காரர் கேட்பது ஆம், இல்லை என்ற பதிலைத்தான். சொல்லே அப்படிக் கேட்கச் சொல்கிறது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் இதன் பெயர் 'சென்ஸ் மோட்டிவ்'. 2008இல் வந்த நான்காம் பதிப்பில் 'இன்சைட்' ஆனது. 2014இன் ஐந்தாம் பதிப்பு அதை விவேகம் (விஸ்டம்) என்ற பண்பின் கீழ் வைத்து, உடல்மொழி, பேச்சுப் பழக்கம், நடத்தையில் தெரியும் மாற்றம் ஆகியவற்றிலிருந்து ஒருவரின் உண்மையான எண்ணத்தைப் பிடிப்பது என்று விளக்குகிறது. அதாவது கண்ணுக்குத் தெரிவது குறிப்பு, எண்ணம் அதிலிருந்து ஊகிப்பது. இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின், 2019இல் வந்த இரண்டாம் பதிப்பு இன்னும் கறாராக இருக்கிறது. சாதாரண வெற்றி கிடைத்தால் எதிராளி இயல்பாக நடந்துகொள்கிறாரா இல்லையா என்பது மட்டுமே தெரியும், உள்நோக்கம் தெரியாது. அதற்குப் பெருவெற்றி (கிரிட்டிகல் சக்சஸ்) வேண்டும். ஆகவே 'நோக்கமறிதல்' பெரும்பாலான நேரங்களில் கொடுக்க முடியாததை வாக்களிக்கும் பெயர்.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவு என்று எல்லாரும் எழுதத் தொடங்கிய பிறகு 'நுண்ணறிவு' இன்டெலிஜென்ஸ் என்ற பண்புக்குப் போய்விட்டது, திரும்ப வாங்க முடியாது. 'மனம் படித்தல்' எண்ணங்களை அறியும் மந்திரத்தோடு குழம்பும். இழையில் அக்கா ஒருவர் சொன்ன 'உள்ளுணர்வு' நல்ல சொல்தான், ஆனால் அது காரணம் தெரியாமல் உள்ளே தோன்றுவது. இங்கே காரணம் எதிராளியின் முகத்தில் இருக்கிறது.

சரி, குறிப்பறிதலுக்கு வருவோம். திருக்குறளில் இந்தப் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. 71ஆவது அமைச்சியலில், 110ஆவது களவியலில். அரசன் வாய்திறந்து சொல்லாததை அமைச்சன் முகம் பார்த்து உணர்வதற்கும், காதலியின் பார்வையைக் காதலன் புரிந்துகொள்வதற்கும் ஒரே பெயர். நம் ஆட்டத்திலும் அப்படித்தானே? அரண்மனைப் பேச்சுவார்த்தையிலும் காதல் காட்சியிலும் ஒரே திறனைத்தான் உருட்டுகிறோம். 'கூறாமை நோக்கிக் குறிப்பறிவான்' என்ற தொடரை அப்படியே இந்தத் திறனின் விளக்கமாக அச்சிடலாம், அவ்வளவு கச்சிதம். பொய்யர்களை மட்டும் குறிவைக்காமல், வெட்கத்தையும் அச்சத்தையும் ஏக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வைக்கிறது என்பது எனக்கு இன்னும் பெரிய காரணம்.

> குறிப்பு என்றால் நோட்ஸ், க்ளூ என்றும் பொருள் வருமே. குழப்பம் வராதா?

நியாயமான கேள்வி. க்ளூவுக்குத் 'துப்பு' இருக்கிறது, அதை உறுதியாக ஒதுக்கிவிடலாம். எழுதிவைக்கும் குறிப்போடு 'அறிதல்' சேர்ந்து வரும் வழக்கம் இல்லை, எனவே கூட்டுச்சொல்லில் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். நடத்துநர் விவரிக்கும் தயக்கம், பார்வை, வியர்வை இவற்றுக்குத் தொல்காப்பியத்தின் 'மெய்ப்பாடு' பொருந்தும். உள்ளத்தில் இருப்பது உடம்பில் தெரிவதைத்தானே அது சொல்கிறது? "ஆட்டக்காரர் குறிப்பறிதல் உருட்டினால் நடத்துநர் மெய்ப்பாட்டைச் சொல்லவும், முடிவைச் சொல்ல வேண்டாம்" என்று விதியை ஒரே வரியில் எழுதிவிடலாம்.

அப்புறம், ஒளித்து உருட்டுவது பற்றி ஒரு கேள்வி வந்திருந்தது. ஆட்டக்காரர் கண்முன்னே பகடையில் 2 விழுந்து, நடத்துநர் "நேர்மையாகத்தான் தெரிகிறான்" என்றால் யாரும் நம்பப் போவதில்லை. எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் பாத்ஃபைண்டரில் இந்த உருட்டலை நடத்துநர் மறைவாகச் செய்கிறார். கால் ஆஃப் கதுல்ஹு என்ற திகில் ஆட்டத்தில் இதே வேலையைச் செய்யும் 'சைக்காலஜி' திறனையும் மறைத்து உருட்டும் பழக்கம் உண்டு. இதற்கு 'மறை உருட்டு' போதும்.

இன்னொன்று மீதி இருக்கிறது. உருட்டாமலே 10உடன் திறன் கூட்டெண்ணைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் 'பேசிவ்' மதிப்பை ஒருவர் 'செயப்பாட்டு' என்று எழுதியிருந்தார். அது இலக்கணத்துச் சொல், இங்கே ஒட்டவில்லை. 'உருட்டா மதிப்பு' என்றால் பாத்திரத் தாளின் சின்னக் கட்டத்திலும் அடங்கும். பிறரை ஏமாற்றும் 'டிசெப்ஷன்' திறனுக்கு எனக்கு இன்னும் நிறைவான சொல் கிடைக்கவில்லை. 'புரட்டு' என்பதைத் தற்காலிகமாக வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமானது யாரிடமாவது இருந்தால், சொற்பட்டியலை முடிப்பதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்.