கத்திரி மாதத்து மழைக் கணக்கு

குழு: தோட்டத்து வீடு 🌴

மே 6

சித்தப்பா, காலை 6:12
எல்லாரும் எழுந்தாச்சா? ராத்திரி மழையைப் பார்த்தீர்களா? கத்திரி பிறந்து ரெண்டாம் நாளே இப்படி. பத்து சென்டிமீட்டருக்குக் குறையாது.

பவானி அத்தை, 6:20
மழையா? இங்கே ஒரு சொட்டு இல்லை. மின்னல் மட்டும் வடக்கே வெட்டிக்கொண்டே இருந்தது. மின்விசிறி இல்லாமல் விடிய விடியப் புழுக்கம்.

சித்தப்பா, 6:22
கோபி பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டதுக்கா. வாசலில் வைத்த வாளி அரை வாளிக்கு மேல் நிறைந்திருக்கிறது.

பெரியப்பா, 6:40
வாளி எங்கே இருந்தது?

சித்தப்பா, 6:41
திண்ணை ஓரம்தான்.

பெரியப்பா, 6:43
ஓட்டுத் தண்ணீர் விழும் இடம். அது கூரையின் கணக்கு, வானத்தின் கணக்கு இல்லை. 8:30 வரை பொறு.

பெரியப்பா, 8:34
38.4 மி.மீ.

சித்தப்பா, 8:35
அண்ணா, அவ்வளவுதானா?? நாலு சென்டிமீட்டர்கூட இல்லையா?

பெரியப்பா, 8:41
அவ்வளவுதானா என்கிறாய். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. பெய்தால் ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். உன் ஒரு ஏக்கர் வாழையில் மட்டும் 1,55,000 லிட்டர் இறங்கியிருக்கிறது. 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் 13 லாரி.

நான், 8:44
பெரியப்பா, மழை நேற்று ராத்திரிதானே? நோட்டில் 5-ஆம் தேதியா, 6-ஆம் தேதியா?

பெரியப்பா, 8:47
6. காலை 8:30-க்கு அளந்தால் முந்தின 24 மணி நேரத்து மழை முழுவதும் அளந்த நாளின் பெயரில்தான் வரும். அணைக்கட்டு பங்களாவில் 22 வருஷம் அப்படித்தான் எழுதினேன். மழை பெய்த நேரத்தைப் பக்கத்திலேயே குறித்துவிடுவேன்: இரவு 9:10 முதல் 10:25, இடியுடன்.

பெரியம்மா, 8:52
அந்த மழைமானியைத் தோட்டத்தில் நட்ட நாளிலிருந்து அந்தப் பக்கம் துணி காயப் போடவும் விடுவதில்லை. முருங்கையையும் கழிக்கச் சொல்கிறார்.

பெரியப்பா, 8:55
மரத்தின் உயரத்தைப் போல் ரெண்டு மடங்கு தூரமாவது தள்ளி இருக்க வேண்டும். முருங்கை வளர்ந்துவிட்டது, மானி நகராது.

சித்தப்பா, 10:30
இப்போதுதான் தோட்டத்துக்குப் போனேன். 850 வாழையில் கிழக்கோரம் பூரா சாய்ந்து கிடக்கிறது. குலை தள்ளின மரங்கள். எண்ண மனசு வரவில்லை.

பவானி அத்தை, 10:31
ஐயோ சாமி.

அம்மா, 10:33
முட்டுக் கொடுத்திருந்தீர்களே தம்பி?

சித்தப்பா, 10:36
சவுக்குக் கம்போடு சேர்ந்தே சாய்ந்திருக்கிறது அண்ணி.

மே 10

பெரியம்மா, காலை 6:05
(படம்: உள்ளங்கையில் ஆலங்கட்டி)
நேற்று சாயங்காலம் விழுந்தது. நெல்லிக்காய் அளவு. ஒன்றை டம்ளரில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறார் உங்கள் பெரியப்பா. பால் வைக்க இடமில்லை.

நார்மன் அண்ணன் (கார்த்தி; அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்து நார்மன் ஊரில் இருப்பவர்), 6:31
அம்மா, நாட்டு நெல்லியா, அரிநெல்லியா? 😄 பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள். அதன் விட்டம் 27 மி.மீ. உள்ளங்கை ஆளுக்கு ஆள் மாறும், நாணயம் மாறாது.

பெரியம்மா, 6:40
(படம்: ஆலங்கட்டி, பத்து ரூபாய் நாணயம்)

நார்மன் அண்ணன், 6:44
நாணயத்தைவிடக் கொஞ்சம் சின்னது. உருகிச் சிறுத்தது போக 20 மி.மீ. இருக்கலாம். இங்கே 25 மி.மீ. அளவுக்கு ஆலங்கட்டி விழுந்தால்தான் 'கடும் இடிப்புயல்' என்று பட்டியலில் சேர்ப்பார்கள். 2010 வரை 19 மி.மீ. போதும் என்றிருந்தது. அதனால் பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது.

நான், 6:50
உருகிப்போனால் எப்படி அளப்பார்கள் அண்ணா?

நார்மன் அண்ணன், 6:58
நுரைப் பலகை மேல் அலுமினியத் தாளைச் சுற்றி வெளியே வைத்துவிடுவோம். கல் விழுந்த குழிகள் அதில் பதிந்துவிடும். அப்புறம் நிதானமாக எண்ணி, அளந்து அனுப்பலாம். 'கோக்கோராஸ்' என்று தன்னார்வலர் குழு இருக்கிறது. என் வீட்டுப் புல்வெளியிலும் அவர்கள் மானிதான். காலை 7 மணிக்கு அளவு அனுப்ப வேண்டும். அப்பாவுக்கு 8:30, எனக்கு 7.

பெரியப்பா, 8:36
22.6 மி.மீ. மானிக்குள் விழுந்த கட்டியை வெந்நீர் ஊற்றி உருக்கி, ஊற்றின வெந்நீரைக் கழித்து எழுதினேன்.

பவானி அத்தை, 8:40
பவானியில் நேற்றும் இல்லை. இந்த ஊர் என்ன பாவம் செய்தது?

நார்மன் அண்ணன், 9:05
அத்தை, அந்தக் குழு பிறந்ததே அந்தக் கேள்வியில்தான். 1997 ஜூலை 28 ராத்திரி கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊரில் ஒரு பக்கம் ஒரு அடிக்கு மேல் மழை. அதே ஊரில் இன்னொரு பக்கம் சாதாரண மழைதான். வெள்ளத்தில் 5 பேர் இறந்தார்கள். இருந்த மானிகளை வைத்து, எங்கே எவ்வளவு பெய்தது என்று முழுசாகச் சொல்ல முடியவில்லை. அடுத்த வருஷமே ஊர்க்காரர்கள் கையில் மானியைக் கொடுத்தார்கள். கோடை இடிமழை அப்படித்தான், ஒரு மேகம் நிற்கும் இடத்தில் மட்டும் கொட்டும். ஐப்பசி மழை மாதிரி மாவட்டம் முழுக்கப் பரவாது.

மே 14

பெரியப்பா, காலை 8:33
இதென்ன? 61 மி.மீ. காட்டுகிறது. ராத்திரி பூரா நட்சத்திரம் தெரிந்ததே.

பவானி அத்தை, 8:35
நட்சத்திரத்திலிருந்து சொட்டியிருக்கும் 😂

சித்தப்பா, 8:50
அண்ணா... சின்னவன் நேற்று அங்கேதான் விளையாடினான். "பெரியப்பாவுக்குத் தாகமா இருக்கும்"னு அந்தக் குழாயில் சொம்பால் தண்ணீர் ஊற்றினானாம்.

பெரியம்மா, 8:51
😂😂😂 அதுக்குத் தாகம் இல்லைடா கண்ணு.

பெரியப்பா, 8:58
சரி. எண்ணை அழிக்கவில்லை. மேலே ஒரு கோடு போட்டு, 'குழந்தை ஊற்றியது, மழை 0' என்று பக்கத்தில் எழுதிவிட்டேன்.

நான், 9:00
அழித்துவிட்டு 0 எழுதினால் போதாதா?

பெரியப்பா, 9:06
அழித்தால், நான் எப்போது எதை அழித்தேன் என்று அப்புறம் எனக்கே தெரியாது. 0-வும் எழுதத்தான் வேண்டும். வெறும் கட்டம் விட்டால் மழை இல்லையா, நான் பார்க்கவில்லையா?

மே 20

பெரியப்பா, காலை 8:45
கோவைக் கல்யாணத்திலிருந்து வந்துவிட்டோம். மானியில் 47.0 மி.மீ. மூன்று நாளும் சேர்ந்தது.

சித்தப்பா, 8:47
மூன்றால் வகுத்து எழுதிவிடுங்கள் அண்ணா. 15.7, 15.7, 15.6. கட்டம் நிறைந்துவிடும்.

பெரியப்பா, 8:52
பெய்யாத நாளில் நான் மழை பெய்விக்கவா? '18 முதல் 20 வரை, மொத்தம் 47.0'. அவ்வளவுதான்.

அம்மா, 8:55
18-ஆம் தேதி ராத்திரி நல்ல மழை. 19 ராத்திரி தூறல். நான் ஜன்னல் சாத்த எழுந்தேன்.

பெரியப்பா, 8:57
அதையும் உங்கள் பெயர் போட்டு எழுதிக்கொள்கிறேன்மா. எண்ணாக இல்லை, கேட்ட தகவலாக.

மே 29

சித்தப்பா, இரவு 8:10
அண்ணா, ஒரு விஷயம். வி.ஏ.ஓ. போன வாரம் வந்து எண்ணிப்போனார். 850-ல் 340. 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருந்தால்தான் நிவாரணக் கணக்கில் எடுப்பார்கள், நமக்கு 40 வருகிறது. ஆனால் பக்கத்து அரசு மானியில் அன்றைக்கு மழையே பெரிசாக இல்லை. உங்கள் நோட்டைப் படம் எடுத்து மனுவோடு வைக்கலாம் என்று பார்க்கிறேன்.

பெரியப்பா, 8:14
வைத்துக்கொள்.

சித்தப்பா, 8:19
38 என்றிருந்தால் யாருக்கும் கண்ணில் படாது அண்ணா. அந்த 3-ஐ 8 ஆக்கினால்... ஒரு வளைவுதானே. நம் வீட்டு நோட்டுதானே.

(பெரியப்பா பார்த்துவிட்டார். பதில் இல்லை. ஒரு மணி நேரம் குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. அத்தை மட்டும் ஏதோ 'இரவு வணக்கம்' படம் அனுப்பி, உடனே நீக்கினார்.)

நார்மன் அண்ணன், 9:26
சித்தப்பா, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மழை வாழையைச் சாய்க்கவில்லை, காற்றுதான் சாய்த்தது. 88.4 என்று எழுதினாலும் அது சேதத்துக்குச் சாட்சி ஆகாது. அன்றைக்கு நீங்கள் எடுத்த படங்களை அனுப்புங்கள். மரங்கள் எந்தப் பக்கம் தலை வைத்து விழுந்தன?

சித்தப்பா, 9:34
(படங்கள்: 6)
கிணற்றுப் பக்கத்திலிருந்து விசிறி மாதிரி. வடக்கே இருந்தது வடகிழக்காக, நடுவில் இருந்தது நேர் கிழக்கே, கீழே இருந்தது தென்கிழக்காக. எனக்கே அப்போது விசித்திரமாகப் பட்டது.

நார்மன் அண்ணன், 9:47
அப்படியானால் இது மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று செங்குத்தாக இறங்கித் தரையில் மோதி நாலாபக்கமும் சிதறியதுபோல் இருக்கிறது. வாளித் தண்ணீரைத் தரையில் வீசினால் தெறிக்குமே, அந்த மாதிரி. இதைக் கண்டுபிடித்தவர் ஃபுஜிதா என்ற ஜப்பானியர். 1945-ல் குண்டு விழுந்தபிறகு நாகசாகிக்குப் போய்ப் பார்த்தவர். மரங்கள் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது அவர் மனசில் நின்றுவிட்டது. அப்புறம் அமெரிக்கா வந்து, 1974 ஏப்ரல் 3, 4-ல் ஒரே நாளுக்குள் 148 சூறாவளிச் சுழல்கள் அடித்தபோது விமானத்தில் பறந்து சேதத்தைப் படமெடுத்தார். சில காடுகளில் மரங்கள் சுழன்று விழாமல் நட்சத்திரம் மாதிரி விரிந்து கிடந்தன. இது சுழல் இல்லை, கீழிறங்கும் காற்று என்று சொன்னார். ரொம்பப் பேர் முதலில் நம்பவில்லை.

நான், 9:50
விழுந்த மரத்தை வைத்தே கண்டுபிடித்தாரா?

நார்மன் அண்ணன், 9:53
ஆமாம். அந்த இடங்களில் காற்றை அளக்கக் கருவி இல்லை. மரம்தான் கருவி.

பெரியப்பா, 9:58
தம்பி, நாளைக் காலையில் காகிதமும் நாடாவும் எடுத்துக்கொண்டு வருகிறேன். அடிக்கட்டைகள் இன்னும் இருக்கின்றனவா?

சித்தப்பா, 10:01
இருக்குதுங்கண்ணா. தண்டை மட்டும்தான் வெட்டினேன்.

சித்தப்பா, 10:02
அண்ணா, அந்த 8 விஷயம்...

பெரியப்பா, 10:03
வரும்போது ரெண்டு சீப்பு கதலி எடுத்து வை. உன் அண்ணிக்கு வேண்டுமாம்.

மே 30

பெரியப்பா, மதியம் 1:15
(படம்: கோடு போட்ட காகிதத்தில் தோட்டத்தின் வரைபடம், 340 சின்ன அம்புகள்)

பவானி அத்தை, 1:18
அண்ணா, 340-உம் போட்டீர்களா!

பெரியப்பா, 1:20
ஒன்றை விட்டால் எந்த 339 என்று கேட்பார்கள்.

மே 31

பெரியப்பா, காலை 8:50
மாதக் கணக்கு: 6-ஆம் தேதி 38.4. 10-ல் 22.6. 17-ல் துளி. 18 முதல் 20 வரை 47.0. 25-ல் 11.2. 28-ல் 6.8. மொத்தம் 126.0 மி.மீ. மழை நாள் எத்தனை என்று கேட்காதீர்கள். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அதை மழை நாள் என்பது. கல்யாணத்துக்குப் போன மூன்று நாளில் அது ஒன்றா, ரெண்டா தெரியாது. குறைந்தது 5 என்று எழுதியிருக்கிறேன்.

நார்மன் அண்ணன், 9:02
அப்பா, 2015 மே மாதம் ஓக்லஹோமாவில் மாநிலச் சராசரியே 14.4 அங்குலம், சுமார் 366 மி.மீ. அதற்கு முன் பதிவான எந்த மாதத்திலும் அவ்வளவு இல்லை. மாவட்டத்துக்கு ஒரு தானியங்கி நிலையமாவது இருப்பதால் அதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

பெரியப்பா, 9:05
அங்கே சின்னவன் சொம்பு எடுத்துக்கொண்டு போயிருந்தால் தெரிந்திருக்கும்.

பவானி அத்தை, 9:07
பஞ்சாங்கத்தில் இந்த வருஷம் மூன்று மரக்கால் மழை என்று போட்டிருந்தது. அதில் நமக்கு எத்தனை மி.மீ. அண்ணா?

பெரியப்பா, 9:09
உனக்கா? 0. அதையும் எழுதி வை.

ஜூன் 1

பெரியப்பா, காலை 8:32
0.0

சித்தப்பா, 8:40
அண்ணா, நானும் ஒரு பாட்டிலை நேராக வெட்டி, அடியில் சிமென்ட் ஊற்றிச் சமமாக்கி, தோட்டத்தில் நட்டு வைத்துவிட்டேன். இன்றைக்கு 2 மி.மீ. காட்டுகிறது! உங்களுக்கு 0, எனக்கு 2. ஒரு மேகம் நிற்கும் இடத்தில் மட்டும் பெய்யும் என்று கார்த்தி சொன்னது சரிதான்.

பெரியப்பா, 8:42
பாட்டில் எங்கே இருக்கிறது?

சித்தப்பா, 8:43
கிழக்கோரம், புதுக் கன்று நட்ட இடத்தில்.

பெரியப்பா, 8:44
சொட்டுநீர்க் குழாய் பக்கத்திலா?

சித்தப்பா, 8:51
...கோடு போட்டுவிடுகிறேன் அண்ணா.