தேயிலை விலை குறைந்தபோது பாஸ்டன்காரர்கள் ஏன் அதைக் கடலில் கொட்டினார்கள்?

நிலா அப்பா:
மகள் ஒன்பதாம் வகுப்பு. அமெரிக்க சுதந்திரப் போரைப் படித்துக்கொண்டிருந்தவள் நேற்று ராத்திரி ஒரு கேள்வி கேட்டாள். 1773 தேயிலைச் சட்டத்தால் விலை குறையத்தானே செய்தது, விலை குறைந்ததற்கு யாராவது பெட்டி பெட்டியாகக் கடலில் கொட்டுவார்களா என்று. “வரி அதிகம், அந்தக் கோபம்” என்று சமாளித்தேன். “குறைஞ்சுதுன்னுதானேப்பா சொல்றேன்” என்று மடக்கிவிட்டாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்திரக்காரர்:
நான் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதுகிறவன். இருபத்தாறு வருடமாக முத்திரைத்தாளோடுதான் பிழைப்பு. அதனால் தேயிலைக்கு எட்டு வருடம் முன்னால் போகிறேன், 1765-க்கு.

பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனுக்குக் கழுத்தளவு கடன். தன் காலனிகளாக இருந்த அமெரிக்காவில் நிற்கும் பட்டாளத்தின் செலவில் ஒரு பங்கை அங்கிருப்பவர்களே கொடுக்கட்டும் என்று முத்திரைச் சட்டம் போட்டார்கள். கிரயப் பத்திரம், உயில், செய்தித்தாள் எல்லாம் முத்திரை குத்திய தாளில்தான் இருக்க வேண்டும். சீட்டுக்கட்டுக்கு ஒரு ஷில்லிங், பகடை ஜோடிக்குப் பத்து. இங்கிலாந்தில் 1694 முதலே இருந்த வரிதான் இது. லண்டன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் என்னிடம் வருகிறவர் முத்திரைக் கட்டணம் ஏறினால் முணுமுணுப்பார், கட்டிவிடுவார். ஏற்றியவர்களை அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம். காலனிக்காரருக்கு அந்த வழி இல்லை. லண்டன் நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு ஒரு உறுப்பினர்கூடக் கிடையாது. உள்ளூர் வரியை அவரவர் சட்டசபையே போட்டுப் பழகியவர்கள். “இங்கிலாந்திலேயே இருக்கும் மான்செஸ்டருக்கும்தான் உறுப்பினர் இல்லை” என்று லண்டன் சொன்ன பதில் யாருக்கும் ஏறவில்லை.

பாஸ்டனில் முத்திரைத்தாள் விநியோகத்துக்கு ஆண்ட்ரூ ஆலிவரை நியமித்தார்கள். ஆகஸ்ட் 14 காலையில் அவருடைய உருவப்பொம்மை ஒரு எல்ம் மரத்தில் தொங்கியது. அன்றைக்கே அவருடைய புதுக் கட்டடத்தை இடித்துத் தள்ளினார்கள். மனுஷன் வேலையே வேண்டாம் என்று விலகிவிட்டார். நவம்பர் 1-ல் சட்டம் அமலுக்கு வந்தபோது பெரும்பாலான இடங்களில் தாள் விற்க ஆளே இல்லை. (எங்கள் முத்திரைத்தாள் வெண்டரிடம் இதைச் சொன்னேன். அன்றைக்கு முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.)

1766-ல் அதை வாபஸ் வாங்கினார்கள். ஆனால் கூடவே, காலனிகளுக்கு எந்த விஷயத்திலும் சட்டம் போடும் அதிகாரம் தங்களுக்கு உண்டு என்று இன்னொரு சட்டமும் போட்டுக்கொண்டார்கள். கடனைத் தள்ளுபடி செய்துவிட்டு வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொள்வது மாதிரி.

இப்போது தேயிலை. கிழக்கிந்தியக் கம்பெனி, நம் மெட்ராஸை ஆண்ட அதே கம்பெனி, கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. சீனத் தேயிலை லண்டன் கிடங்குகளில் விற்காமல் தேங்கிக் கிடந்தது. 1773 தேயிலைச் சட்டத்தில், லண்டனில் கட்ட வேண்டிய வரியை விலக்கி, தான் தேர்ந்தெடுத்த ஏஜென்ட்டுகள் மூலம் கம்பெனியே அமெரிக்காவில் நேரடியாக விற்கலாம் என்றார்கள். விலை இறங்கியது. ஆனால் அங்கே இறக்கும்போது ஒரு பவுண்டு எடைக்கு ஏற்கெனவே இருந்த 3 பென்னி வரி மட்டும் அப்படியே நின்றது. மலிவு என்று வாங்கிக் குடித்தால் அந்த வெற்றுத்தாளை நிரப்பிக் கொடுத்த மாதிரி. உங்கள் மகள் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த 3 பென்னியில் இருக்கிறது. உள்ளூர் வியாபாரிகளுக்கும், டச்சுத் தேயிலையைக் கடத்தி விற்றவர்களுக்கும் பிழைப்பு போகும் என்ற எரிச்சல் தனி. டிசம்பர் 16 ராத்திரி மூன்று கப்பல்கள், 342 பெட்டி.

சந்தைப்பேட்டை:
பத்திரக்காரர் அண்ணன் அவர்களை ரொம்ப உத்தமர்களாக்கிவிட்டார். நிலத்தாசை எங்கே போயிற்று? 1763-ல் மன்னர், அப்பலாச்சிய மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று அறிவித்தார். அது அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளின் நிலம். வாஷிங்டன் உட்பட நிலத்தில் பணம் போட்ட வர்ஜீனியா பெரிய மனிதர்களுக்கு அது தொண்டையில் சிக்கிய முள். 1775 நவம்பரில் வர்ஜீனியா கவர்னர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் ஓடிவந்து மன்னர் படையில் சேர்ந்தால் விடுதலை என்றார். ஊசலாடிக்கொண்டிருந்த பண்ணையார்கள் பலர் அதற்கப்புறம்தான் மன்னருக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள்.

நிலா அப்பா:
இரண்டு பேருக்கும் நன்றி. மகளின் அடுத்த கேள்வி: கொட்டிய அன்றைக்கே சுதந்திரம் கேட்டார்களா?

பத்திரக்காரர்:
தம்பி சொன்னது சரி, மறுக்க மாட்டேன்.

பாப்பாவுக்கு: இல்லம்மா, இரண்டரை வருடம் ஆயிற்று. 1774-ல் லண்டன்காரர்கள் தண்டனையாக பாஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள். கவர்னர் அனுமதி இல்லாமல் வருடத்துக்கு ஒன்றுக்கு மேல் ஊர்க்கூட்டம் போடக் கூடாது என்றார்கள். பாஸ்டனுக்காகத் தெற்கே சவுத் கரோலினாவிலிருந்து அரிசி வந்தது. அதுவரை ஒருவரை ஒருவர் நம்பாத காலனிகள் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். 1775 ஏப்ரலில் பாஸ்டனுக்குப் பக்கத்து லெக்சிங்டனில் மன்னர் பட்டாளத்தோடு மோதித் துப்பாக்கி வெடித்த பிறகுகூட, ஜூலையில் மன்னருக்குச் சமாதான மனு அனுப்பினார்கள். அவர் அதை வாங்கவே மறுத்து, கலகக்காரர்கள் என்று அறிவித்தார். அப்புறம் ஜெர்மானியக் கூலிப்படையை வேறு அமர்த்தினார். பெரும்பாலானவர்களுக்கு மன்னர் மீதிருந்த நம்பிக்கை அப்போதுதான் விட்டுப்போயிற்று.

1776 ஜூலை 4 பிரகடனத்தை ஒரு பத்திரம் மாதிரி படித்துப் பாருங்கள். 27 புகார்கள், எல்லாம் மன்னர் பேரில். நாடாளுமன்றம் என்ற சொல்லே அதில் கிடையாது. உரிமையே இல்லாதவரைக் கட்சிக்காரராகச் சேர்த்தால் உரிமை உண்டு என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். எழுதியவர் ஜெபர்சன், வக்கீல் ஆயிற்றே.