கிணற்றடி எஞ்சினில் இறுகின புல்லி: கழற்ற வழி சொல்லுங்கோ

அண்ணாமார், தம்பிமார், ஒரு உதவி. கோப்பாயில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக் கிணற்றடியில் நிற்கிற பழைய டீசல் எஞ்சினின் புல்லி (பெல்ட் ஓடுகிற சில்லு), துருப்பிடித்து அது மாட்டியிருக்கிற ஷாஃப்டோடு (சுழல் தண்டு) ஒன்றாகிவிட்டது. இரண்டு மாரி மழைக்கும் மூடாமல் விட்டது என் பிழைதான். புல்லிக்குப் பின்னால் எண்ணெய் கசியாமல் தடுக்கிற ஓயில் சீல் ஒழுகுகிறது, அதை மாற்றப் புல்லி கழன்றே ஆகவேண்டும்.

மூன்று நாளாகக் காலையும் மாலையும் துருநீக்கி எண்ணெய் விட்டேன். புல்லியை ஷாஃப்டில் இறுக்கிப் பிடிக்கிற பக்கவாட்டு ஸ்குருவைக் கழற்றினேன் (அதற்கடியில் இன்னொன்று ஒளிந்திருந்தது, அது தெரியாமல் ஒருநாள் முழுக்க மல்லுக்கட்டினேன்). பிறகு மூன்று கால் புல்லர் (புல்லியைப் பிடித்து இழுக்கிற கருவி) போட்டு இறுக்க, விளிம்பில் ஒரு துண்டு உடைந்து வந்ததுதான் மிச்சம், வார்ப்பிரும்பு வளையாது, உடையும். ஷாஃப்ட் முனையில் சுத்தியலால் அடி என்கிறார் கராஜ்காரர் ஒருவர். எனக்கு மனமில்லை, பெயரிங்கும் போகும், முனையும் விரிந்தால் பிறகு புல்லி வரவே வராது.

இனிக் காஸ் டோர்ச்சால் புல்லியின் நடுப்பகுதியை மட்டும் சூடாக்கலாம் என்று யோசிக்கிறேன். அது விரிந்து, ஷாஃப்ட் சூடேறமுன் இழுத்தால் பிடி விடும் என்பது சரி, ஆனால் டீசல் டாங்கிக்குப் பக்கத்தில் நெருப்பு என்றால் பயம், விட்ட எண்ணெயும் பற்றும். டாங்கியைக் கழற்றிவைத்து இப்படிச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? புல்லிக்கும் ஷாஃப்டுக்கும் இடையில் செருகியிருக்கிற கீயை (இரும்புக் கட்டை) முதலில் எடுக்கவேண்டுமா? விளிம்பை விட்டு நடுவில் பிடிக்கிற புல்லர் யாழ்ப்பாணத்தில் வாடகைக்குக் கிடைக்குமா? பயிர் வாடுது, கெதியாச் சொல்லுங்கோ.